குப்பியில்லாத மடிமான்

மல்லசமுத்திரம்,
14-2-1940.

ஸ்ரீ மணியன் அவர்களுக்கு,
சேலம் ஜில்லா ஏஜெண்ட், பாலமித்திரா மருந்துக் கம்பெனி, செவ்வாய்ப்பேட்டை.

நேற்றுக் காலை கரையம்மன் கோயிலின் கிழக்கு மதிலில் ஒரு மிருகம் நின்றது. முந்தைய நாள் மாலை அது அங்கே இல்லை. ஆளைப்போல் ஒன்றரை மடங்கு உயரம். அடர்ந்த நீல நிறம். பின்னங்கால் இரண்டில் நிற்கிறது. வயிற்றில் ஒரு பை, பைக்குள் ஒரு குட்டி, குட்டியின் கையில் ஒரு மருந்துக் குப்பி. தலைக்கு மேலே ‘கங்காரு மார்க் குழந்தை டானிக்’ என்றும், காலுக்குக் கீழே உங்கள் பெயரும் விலாசமும் எழுதப்பட்டிருக்கின்றன. குற்றம் செய்தவர் தம் விலாசத்தை இவ்வளவு தெளிவாக விட்டுச்செல்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இம்மிருகம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. இந்த ஜில்லாவின் மண்ணை அது எக்காலத்திலும் மிதித்ததில்லை. கரையம்மனுக்கும் அதற்கும் உறவு கிடையாது. குழந்தைகளின் நோய்க்கும் அதற்கும் உறவு கிடையாது. உங்கள் மருந்துக்கும் குழந்தைகளின் நோய்க்குமே உறவு உண்டா என்பதை நான் இங்கே கேட்கவில்லை.

எட்டு நாட்களுக்குள் அந்த உருவம் அழிக்கப்பட வேண்டும். இதை உங்கள் அக்காவின் கணவன் என்ற முறையில் எழுதவில்லை. கோயிலின் தர்மகர்த்தா என்ற முறையில் எழுதுகிறேன். அது அழியும்வரை என் வீட்டு வாசலை நீங்கள் மிதிக்க வேண்டியதில்லை.

செ. நாச்சிமுத்து, பி.ஏ.

பி.கு.: இத்துடன் ஒரு தூக்குப் போசி நிறைய எள்ளுருண்டை வருகிறது. அனுப்புவது உங்கள் அக்கா சௌந்திரம். அதில் எனக்குச் சம்மதம் இல்லை.


செவ்வாய்ப்பேட்டை, சேலம்,
21-2-1940.

மச்சானுக்கு மணியன் வணக்கம்.

என் பேருக்குப் பின்னால் ‘அவர்கள்’ என்று போட்டு எழுதியிருக்கிறீர்கள். தபால்காரர் எதிரிலேயே பிரித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, கோர்ட்டுல இருந்துங்களா?” என்று கேட்டார். “இல்லீங்க, எங்க அக்கா ஊட்டுல இருந்து” என்றேன். “அப்பொ அதவிடப் பெரிய கோர்ட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சான், அந்த மதில் பத்து வருடமாகச் சுண்ணாம்பைப் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் முதலில் மதில் முழுவதற்கும் வெள்ளை அடித்துவிட்டுத்தான் படம் போட்டார்கள். பூசாரி மாரியிடம் கேட்டுக்கொண்டுதான் ஏணி வைத்தார்கள். “செவுரு வெள்ளையானாச் சரி சாமி, மேல என்னத்தையாச்சும் எழுதிக்கங்க” என்றாராம். ஆத்தூரிலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் இருநூற்று நாற்பது சுவர் எழுதியாயிற்று. ஒன்றை அழித்தால் பட்டணத்திலிருந்து மானேஜர் காரணம் கேட்பார். எட்டு நாளில் முடியாது, மன்னிக்க வேண்டும்.

இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். போன வாரம் ஓமலூர்ச் சந்தையில் படத் துணியைத் தொங்கவிட்டு நின்றேன். ஒரு அம்மாள் வந்து, “இதென்னங்க, மானுங்களா?” என்றாள். கங்காரு என்றேன். வாயில் நுழையவில்லை. சரக்கு விற்கிறவன் வாதம் செய்யக் கூடாது இல்லையா? “ஆமாங்க, புள்ளைய மடியில கட்டிக்கிட்டுப் போற மான்” என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பிப் பக்கத்துக்காரியிடம், “அடியே, இங்க வந்து இந்த மடிமானப் பாரு” என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்க அதுதான் பேர். மானேஜருக்கு எழுதினேன். ரொம்பச் சந்தோஷம் என்று தந்தி அடித்திருக்கிறார்.

எள்ளுருண்டை பாதி உடைந்துவிட்டது. அக்காவிடம் நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள்.

மணியன்.


மல்லசமுத்திரம்,
6-5-1941.

ஸ்ரீ மணியன் அவர்களுக்கு,

பதினான்கு மாதங்களாக நான் எழுதவில்லை. நீங்கள் மதிலை அழிப்பீர்கள் என்று காத்திருந்ததாக எண்ண வேண்டாம். இரண்டு முறை நானே ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்தேன். இரண்டு முறையும் முதல் மழைக்கு அந்த நீலம் சுண்ணாம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. உங்கள் கம்பெனி மருந்தில் காட்டாத கெட்டித்தனத்தை வண்ணத்தில் காட்டியிருக்கிறது.

அது மதிலோடு நின்றிருந்தாலாவது பொறுத்திருப்பேன். மாட்டுப் பொங்கலன்று கந்தப்பனின் காளைகள் இரண்டும் விலாவில் மடிமானோடு ஊர்வலம் வந்தன. மாசித் திருவிழாக் கூத்தில் கட்டியக்காரன் இடுப்புத் துண்டுக்குள் ஒரு பரங்கிக்காயைக் கட்டிக்கொண்டு தத்தித் தத்தி வந்தான். இராஜா வேடக்காரன் வாய் திறக்கவே கால் மணி நேரம் ஆயிற்று; ஜனங்கள் அவனைக் கேட்கத் தயாராக இல்லை. பச்சை குத்துபவள் முன்பெல்லாம் தேளும் கோலமும் குத்துவாள். இப்போது முழங்கைக்குக் கீழே வயிறு பெருத்த ஒரு மானைக் குத்துகிறாள். தம்மம்பட்டியில் ஒரு பெண் குழந்தைக்கு மடியாயி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளி இன்ஸ்பெக்டர் கொல்லிமலையில் வாழும் மிருகங்களைச் சொல்லச் சொன்னபோது, மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கரடிக்கு அடுத்தபடியாக மடிமானைச் சொன்னாள். ஆசிரியரும் அதைத் திருத்தவில்லை. மேலே ஏறினால் இருக்கக்கூடும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

இவற்றையும் நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். சென்ற வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கரையம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மண் உருவாரம் வைப்பதை நீங்கள் அறிவீர்கள். மாடு பிழைத்தால் மாடு. பிள்ளை வேண்டினால் பிள்ளை. சூளையிலிருந்து இடுப்பில் எடுத்து வருபவள், தர்மகர்த்தா ‘இறக்கு’ என்று சொல்லும்வரை அதைத் தரையில் வைக்கக் கூடாது. இறக்கிய பிறகு அதை எவரும் எடுக்கக் கூடாது. வெயிலிலும் மழையிலும் நின்று அது மண்ணோடு மண்ணாக வேண்டும். ஐந்து தலைமுறையாக என் குடும்பம் காத்துவரும் விதி இது.

காலை ஒன்பது மணிக்கு அத்தாயி வந்தாள். மூன்று குழந்தைகளைப் பெற்று மூன்றையும் இழந்தவள். அவள் இடுப்பில் இருந்தது மாடும் அல்ல, பிள்ளையும் அல்ல. உங்கள் மிருகம், ஒன்றரை முழ உயரத்தில், சுட்ட மண்ணில்.

நான் ‘இறக்கு’ என்று சொல்லவில்லை. அது எந்தத் தேசத்து மிருகம், எந்தக் கடலுக்கு அப்பால் இருக்கிறது, ஒரு வியாபாரியின் படம் எப்படித் தெய்வத்தின் முன் வரலாகாது என்று அரைமணி நேரம் எடுத்துரைத்தேன். அவள் மரியாதையாகக் கேட்டாள். முடித்தபின் சொன்னாள்: “எந்தச் சீமையில இருந்து வந்தா என்னங்க சாமி? புள்ளையக் கீழ போடாம வெச்சிருக்குதுல்லீங்க?”

அந்த மருந்தை வாங்கினாயா என்று கேட்டேன். மூன்றாவது குழந்தைக்கு மூன்று குப்பி வாங்கினாளாம். “குப்பியில இருந்தது பொய்யாப் போச்சுங்க. படத்துல இருந்தது பொய்யாகலீங்க” என்றாள்.

வெயில் ஏறியது. அவள் நின்றாள். நான் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அக்கா வீட்டிலிருந்து வந்து, என் குடையை, என் அனுமதியின்றி, அவள் தலைக்குமேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு நான் ‘இறக்கு’ என்று சொன்னேன். சொன்ன பிறகு அதை எடுக்கும் அதிகாரம் எனக்கும் கிடையாது.

அருகே சென்று பார்த்தேன். குட்டியின் கையில் குப்பி இல்லை. செய்தவள் குயவர் தெருப் பெருமாயி. ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, “குப்பி என்னத்துக்குங்க? புள்ள இருந்தாப் போதாதுங்களா?” என்றாள்.

இதற்காக உங்களை நான் மன்னிக்கவில்லை.

செ. நாச்சிமுத்து.


சேலம்,
2-8-1941.

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மானேஜருக்கு இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். ‘தலைகால் புரியவில்லை’ என்பார்களே, அப்படித் துள்ளிக் குதித்து உடனே பதில் போட்டிருக்கிறார். தெய்வத்தின் சந்நிதியிலேயே நம் மார்க் நிற்கிறது, இந்த விளம்பரத்தைக் காசு கொடுத்தால் வாங்க முடியுமா என்கிறார். அடுத்த வருடத்துக் காலண்டருக்கு அதையே படமாகப் போடுவதாம். இருபதாம் தேதிக்குள் போட்டோக்காரர் ஒருவர் வருவார். அவரை விரட்டிவிடாதீர்கள்.

அத்தாயி சொன்னதை மட்டும் நான் எழுதி அனுப்பவில்லை. குப்பியைப் பற்றிச் சொன்னாளே, அது. எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அந்த மூன்று குப்பியும் என் கடையிலிருந்துதான் போயிருக்கும்.

வீட்டில் நான் மட்டும்தான். சென்னியம்மாள் ஆடிக்கு அவள் அம்மா ஊரான ஓமலூருக்குப் போனவள் இன்னும் வரவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடம். அவள் இருந்தாலும் வீட்டில் இரண்டு பேர் சத்தம்தான், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ராத்திரி கணக்குப் புத்தகத்தோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லாதீர்கள், அழுவாள்.

மணியன்.


மல்லசமுத்திரம்,
22-8-1941.

ஸ்ரீ மணியன் அவர்களுக்கு,

போட்டோக்காரர் வந்தார். மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன். படம் எடுக்க விடவில்லை.

இதுவரை இருபத்தேழு உருவாரங்கள் வேப்பமரத்தடியில் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் ஒருத்தி சுமந்து வந்திருக்கிறாள். சிலர் வீட்டில் வேறு ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய துயரம் உங்கள் காலண்டரில் ஆணியில் தொங்குவதற்காக இங்கே கொண்டுவந்து இறக்கப்படவில்லை. நான் இந்த மிருகத்தை ஏற்றுக்கொண்டதாக இதற்கு அர்த்தம் இல்லை. சுமந்து வந்தவர்களை விற்க மாட்டேன் என்பதே அர்த்தம்.

செ. நாச்சிமுத்து.


சேலம்,
5-11-1942.

மச்சானுக்கு வணக்கம்.

ஒரு வருடத்துக்குமேல் ஆயிற்று. இப்போது எழுதுவது கம்பெனி சொல்லி எழுதுவது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிரேட் மார்க் சட்டம் என்று புதிதாக ஒன்று அமலுக்கு வந்திருக்கிறது. எல்லாக் கம்பெனிகளும் தங்கள் மார்க்கைப் பதிவு செய்ய வேண்டும். எங்கள் கங்காருவைப் பதியப் போனால், மதுரையில் ஒரு போட்டிக்காரன் ஆட்சேபணை கொடுத்திருக்கிறான். இது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, சேலம் ஜில்லாவில் கோயிலில் வைக்கிறார்கள், கூத்தில் ஆடுகிறார்கள், கையில் பச்சை குத்துகிறார்கள், ஊர்ப் பொதுவான மிருகம், ஆகையால் தானும் தன் மருந்தில் போட்டுக்கொள்வேன் என்கிறான். எங்கள் வக்கீல், இந்த உருவாரங்கள் நிற்கும்வரை அவன் வாதம் நிற்கும் என்கிறார்.

ஆகவே கம்பெனி கேட்பது இதுதான். பெருமாயி இனிமேல் செய்வதில்லை என்று கைநாட்டு வைக்க வேண்டும். அவளுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. கோயிலில் இருப்பவற்றை எடுத்துவிட வேண்டும். எடுத்தாயிற்று என்று தர்மகர்த்தா ஒரு கடிதம் தர வேண்டும். பதிலுக்கு மண்டபத்துக்கு மங்களூர் ஓடு போட்டு, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கும் தருவார்கள்.

மச்சான், மூன்று வருடத்துக்கு முன்னால் நீங்கள் கேட்டதும் இதுதானே? அந்த மிருகம் இருக்கக் கூடாது என்றீர்கள். இப்போது கம்பெனியும் அதையே சொல்கிறது. நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். இது முடிந்தால் நானும் உங்கள் வாசலுக்கு வரலாம்.

மணியன்.


மல்லசமுத்திரம்,
12-11-1942.

ஸ்ரீ மணியன் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும், பெருமாயிக்கு வந்த நோட்டீசும் ஒரே நாளில் என் கைக்கு வந்தன. நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்தறியாத ஒருத்திக்கு, அவளுக்குத் தெரியாத மொழியில், அவள் செய்யாத குற்றத்தைப் பற்றி எழுதுவதற்கு உங்கள் வக்கீல் எவ்வளவு வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வக்கீலுக்கு மொழிபெயர்த்துக் கொடுங்கள்.

“நான் எந்தக் கம்பெனியப் பாத்துங்க செஞ்சேன்? செவுத்தப் பாத்துச் செஞ்சேன். செவுரு நம்ம கோயல் செவுருதானுங்களே? அவிங்க மானு அவிங்களுக்கு வேணும்னா, அவிங்க ஊட்டுச் செவுத்துல எழுதிக்கிறதுதானுங்க?”

இதற்குமேல் நான் சேர்க்க வேண்டியது அதிகமில்லை. எனினும் சேர்க்கிறேன்.

நீங்கள் எங்கள் மதிலை எடுத்துக்கொண்டபோது எங்களைக் கேட்கவில்லை. எங்கள் குழந்தைகளின் கண்ணை எடுத்துக்கொண்டபோது கேட்கவில்லை. இருநூற்று நாற்பது சுவர்களில் ஒரு மிருகத்தை நிறுத்தி, இதைப் பாருங்கள், இதை நம்புங்கள், இதை உங்கள் வீட்டுக்குள் கொண்டுபோங்கள் என்றீர்கள். ஜனங்கள் பார்த்தார்கள், நம்பினார்கள், கொண்டுபோனார்கள். இப்போது, பார்த்ததை மறந்துவிட்டு மருந்தை மட்டும் வாங்குங்கள் என்கிறீர்கள்.

உங்கள் மார்க் என்ன? குட்டியின் கையில் குப்பியோடு நிற்கும் கங்காரு. வேப்பமரத்தடியில் இன்று நாற்பத்தொன்று நிற்கின்றன. ஒன்றிலும் குப்பி இல்லை. நீங்கள் விற்க வந்த ஒரே பொருளை இவர்கள் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். நீங்கள் அலங்காரத்துக்கு வைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பெயரும் உங்களுடையது அல்ல. ஓமலூர்ச் சந்தையில் ஒருத்தி வைத்தது. நீங்களே அதை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அக்கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் கம்பெனி பதிவாளர் முன் நிற்கும் நாளில், அத்தாயியையும் பெருமாயியையும் அழைத்துக்கொண்டு, என் செலவில், நானும் பட்டணம் வருவேன்.

ஆம், நான் இந்த மிருகத்தை வெறுத்தேன். வெறுத்தபடியே ‘இறக்கு’ என்று நாற்பத்தொரு முறை சொன்னேன். என் வெறுப்பைச் சொல்லி என்னிடம் சம்மதம் வாங்கலாம் என்று எண்ணினீர்களே, அந்த எண்ணத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஓட்டையும் விளக்கையும் மானேஜர் வீட்டுக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

பெருமாயி கைநாட்டு வைக்க மாட்டாள். கோயிலிலிருந்து ஒரு சல்லி மண்ணும் வெளியே போகாது.

செ. நாச்சிமுத்து.


சேலம்,
26-11-1942.

மச்சான்,

என்னை நேரில் நிற்க வைத்துத் திட்டியிருந்தால் தேவலை.

நீங்கள் படித்தவர். நிலம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, பரம்பரையாகக் கோயில் இருக்கிறது. கோபப்படுவதற்கு உங்களுக்கு வசதி இருக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவன். என் அப்பன் உழுத காடு ஏலத்தில் போனதும் நீங்கள் அறிந்ததுதான். சைக்கிளில் குப்பியைக் கட்டிக்கொண்டு ஓமலூருக்கும் ஆத்தூருக்கும் மிதித்தவன். இன்றைக்குச் சேலத்தில் மணியன் யார் என்று கேட்டால், மடிமான் மணியன் என்கிறார்கள். ‘மடிமான் ஐயா வந்துட்டாருங்க’ என்று சந்தையில் இடம் விடுகிறார்கள். எனக்கென்று ஊரில் இருக்கும் ஒரே பேர் அது. அதையும் அத்தாயி கொண்டுபோய் மண்ணில் நட்டுவிட்டாள், நீங்கள் காவல் நிற்கிறீர்கள்.

மானேஜர் கெடு வைத்துவிட்டார். டிசம்பர் பதினைந்துக்குள் முடியாவிட்டால் ஏஜென்சி போய்விடும். ஆகவே பத்தாம் தேதி வியாழக்கிழமை ஒரு வண்டியோடும் நான்கு ஆட்களோடும் வருகிறேன். உடைக்க மாட்டோம். மரியாதையாக எடுத்து ஏரியில் கரைத்துவிடுகிறோம். எப்படியும் மண்ணாகப் போவதுதானே? அது இன்றைக்கு ஆனால் என்ன?

நீங்கள் குறுக்கே நிற்பதானால் நில்லுங்கள். நானும் அன்றைக்குக் குடை பிடித்து நின்றவளோடு பிறந்தவன்தான். பின்வாங்க மாட்டேன்.

மணியன்.


மல்லசமுத்திரம்,
2-12-1942.

ஸ்ரீ மணியன் அவர்களுக்கு,

வாருங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆட்களையும் திரட்ட மாட்டேன். வாயில் கதவு திறந்தே இருக்கும்.

ஆனால் விதி ஒன்று இருக்கிறது. இறக்கியதை எடுக்கக் கூடாது என்றேன். அதற்கு ஒரே விலக்கு உண்டு: சுமந்து வந்தவளே வந்து, ‘எடுத்துக்கொள்’ என்று தன் வாயால் சொன்னால் எடுக்கலாம். இதுவரை அப்படிச் சொன்னவள் இல்லை. என் அதிகாரத்தை நான் விட்டுக்கொடுத்தாலும் அவர்களுடைய உரிமையை விட்டுக்கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. ஆகையால் நீங்கள் ஒவ்வொருத்தியிடமும் சென்று கேட்க வேண்டும்.

உங்கள் சிரமத்தைக் குறைப்பதற்காகத் தனித்தாளில் பெயரும் ஊரும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இவர்களில் பலர் ஊரறிய வந்தவர்கள். மறைவாக வந்தவர்களிடம் ஆள் அனுப்பி அனுமதி கேட்டபின்பே அவர்கள் பெயரைச் சேர்த்தேன். முதல் பெயர் அத்தாயி. அவளுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. அதற்கும் மருந்துக்கும் மிருகத்துக்கும் தொடர்பு உண்டென்று நான் கூற மாட்டேன். ஒன்பதாவது, ஆத்தூர்ப் பக்கத்துச் சின்னாயி; அவளுக்கு எதுவும் நடக்கவில்லை; ஆனாலும் வருடந்தோறும் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். இருபத்திரண்டாவது, காளியாத்தாள், அவள் இறந்துவிட்டாள். அவளிடம் எப்படிக் கேட்பீர்கள் என்பது உங்கள் பொறுப்பு.

தாளில் நாற்பது பெயர்கள் இருக்கின்றன. நிற்பவை நாற்பத்தொன்று. விடுபட்டது என் மறதியால் அல்ல. அவளிடம் ஆள் அனுப்பவும் என்னால் முடியவில்லை. ஏனெனில் ஆள் கதவைத் தட்டினால் திறப்பவர் யாராக இருக்கும் என்று தெரியாது. அவள் சென்ற வருடம் ஆடியில் வந்தாள். எவரிடமும் சொல்லக் கூடாதென்று உங்கள் அக்காவின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். நான் அந்தப் பெயரை எழுத மாட்டேன்.

நாற்பது பேரிடமும் கேட்டு முடித்த பிறகு, நாற்பத்தொன்றாவது பெயரை உங்கள் வீட்டில் கேளுங்கள்.

செ. நாச்சிமுத்து.


சேலம்,
30-1-1943.

மச்சானுக்கு மணியன் வணக்கம்.

டிசம்பர் பத்தாம் தேதி நீங்கள் காலையிலிருந்து கோயில் வாயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததாகப் பூசாரி மாரி சொன்னார். நான் எட்டாம் தேதியே வந்து போய்விட்டேன். நீங்கள் அன்றைக்குத் திருச்செங்கோட்டுக்குத் தாலுக்கா கச்சேரி வேலையாகப் போயிருந்தீர்கள். வண்டி கொண்டுவரவில்லை. ஆள் கொண்டுவரவில்லை. சென்னியம்மாளை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

நாற்பது பேரிடமும் நான் போகவில்லை. உங்கள் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். படித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தில் துவரை புடைத்துக்கொண்டிருந்தாள். “போன வருசம் ஆடிக்கு ஓமலூருக்குத்தான் போனயா?” என்று கேட்டேன். முறம் நிற்கவில்லை. “பன்னெண்டு வருசமா ஒண்ணும் கேக்காம இருந்தீங்க. இன்னைக்கு மட்டும் என்னங்க?” என்றாள். கடை நிறையப் பிள்ளை மருந்து வைத்திருக்கிறவன், பெண்டாட்டியிடம் அந்தப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. எடுத்தால் அழுவாள் என்று நினைத்தேன். யார் அழுவார்கள் என்று பயந்தேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

வேப்பமரத்தடியில் நின்று, “எதுடி உன்னுது?” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். “தெரியலீங்க. எறக்கி வெச்சப்பறம் எல்லாம் ஒண்ணாட்டத்தான இருக்குது” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “எடுக்கறதுன்னா எல்லாத்தையும் எடுக்கோணும். எடுக்கறீங்களா?” என்றாள். கேலிதான், மச்சான். ஆனால் கண்ணில் கேலி இல்லை.

நான் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். நீங்கள் எழுதியது சரிதான். ஒன்றிலும் குப்பி இல்லை.

வீட்டுக்கு வந்து கம்பெனிக்கு எழுதினேன். ‘என் ஜில்லாவில் உள்ள உருவாரங்களை நேரில் பரிசோதித்தேன். அவை நம் கம்பெனியின் மிருகம் அல்ல. நம்முடையதற்குக் குப்பி உண்டு. ஆகையால் எடுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.’ இவ்வளவுதான் எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய நல்ல இங்கிலீஷ் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏஜென்சி போய்விட்டது. கம்பெனியும், இனிப் பதிவு கிடைக்காது என்று, கங்காருவை விட்டுவிட்டுக் கிளி மார்க்குக்கு மாறிவிட்டது. இப்போது ஜவ்வரிசி வியாபாரத்தில் இறங்கியிருக்கிறேன்; மூட்டையில் படம் எதுவும் இல்லை. ஆனால் சந்தையில் இன்னும் மடிமான் மணியன்தான். அதை அவர்களால் பிடுங்க முடியவில்லை. நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன்: வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு பேரும் பேசுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. பழைய மார்க் எங்கும் தெரியக் கூடாது என்று உத்தரவாகியிருக்கிறது. புது ஏஜெண்டின் ஆட்கள் தாரும் சுண்ணாம்பும் கொண்டு சுவர் சுவராக அழித்துக்கொண்டு வருகிறார்கள். உங்கள் மதிலுக்கும் வருவார்கள். நீங்கள் முதல் கடிதத்தில் கேட்ட எட்டு நாள், மூன்று வருடம் கழித்து வருகிறது.

மாசித் திருவிழாவுக்கு நாங்கள் இருவரும் வரலாம் என்றிருக்கிறோம். வாசலை மிதிக்கலாமா என்று எழுதுங்கள்.

மணியன்.


மல்லசமுத்திரம்,
13-2-1943.

மாப்பிள்ளைக்கு,

அவர்கள் முந்தாநாள் வந்தார்கள். ஐந்து பேர், இரண்டு தார் டின், ஓர் ஏணி. மதிலுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உங்கள் அக்கா பக்கத்தில் நின்றாள். சற்று நேரத்தில் பெருமாயி வந்தாள். அத்தாயி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மேஸ்திரி என்னிடம் ஒரு தாளை நீட்டினார். கம்பெனியின் சொத்தைக் கம்பெனி அழிப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று அதில் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் அதை இங்கே எழுதுவதற்கும் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை என்பதை நினைவூட்டினேன். இந்த மதில் கரையம்மனுடையது. மதிலில் நிற்பது மதிலுக்கு உரியது. இதை அழிக்க வேண்டுமானால், இதைப் பார்த்து நேர்ந்துகொண்ட ஒவ்வொருத்தியும் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்றேன்.

மேஸ்திரி பெண்களைப் பார்த்தார். “ஏனுங்கம்மா, வெறும் படந்தானுங்களே?” என்றார். பெருமாயி, “வெறும் படத்துக்கா அஞ்சு பேரு வந்தீங்க?” என்று கேட்டாள். அவர்கள் போய்விட்டார்கள். அவசரத்தில் ஏணியை விட்டுச் சென்றார்கள். திருப்பிக் கேட்டு இன்னும் எவரும் வரவில்லை.

ஆத்தூரிலிருந்து திருச்செங்கோடு வரை இனி இது ஒன்றுதான் மிச்சம் என்று கேள்விப்படுகிறேன். இருக்கட்டும். இது இன்னமும் ஆஸ்திரேலிய மிருகம்தான். கொல்லிமலையில் இது இல்லை. அதை எவர் கேட்டாலும் சொல்வேன்.

நீங்களும் சென்னியம்மாளும் வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள். உங்கள் அக்கா எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள். இம்முறை எனக்கும் சம்மதம்.

மதிலின் இடதுபுறத்தில் காரை பெயர்ந்து அந்த மிருகத்தின் ஒரு காது உதிர்ந்துவிட்டது. கொத்தனை வைத்துப் பூசியாயிற்று. ஏணி இருக்கிறது. வரும்போது, உங்கள் கடையில் பழைய சரக்கு மிச்சம் இருந்தால், அந்த நீலத்தில் ஒரு டப்பா எடுத்து வாருங்கள்.

நாச்சிமுத்து.